சாரல் காலத்துக் காளான்: முதன்முறை பறிக்க நினைப்பவருக்கு ஒரு வழிகாட்டி

தென்காசிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக் குடிவந்த முதல் ஆண்டிலேயே, ஜூன் மாதச் சாரலில் தோப்பின் புல்தரையில் குடை விரித்து நின்ற வெள்ளைக் காளான்களைப் பறித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாயிற்று. இரண்டு நாள் படுக்கை, 14,000 ரூபாய் செலவு. அதைவிட என்னை உறுத்தியது, என்ன காளான் சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லாமல் போனதுதான். ஒரு துண்டுகூட மிச்சம் வைத்திருக்கவில்லை, படமும் எடுத்திருக்கவில்லை. அதன்பின் மூன்று மழைக்காலம் செலவழித்து நான் கற்றுக்கொண்டதை, கற்றிருக்க வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

இது தென்தமிழ்நாட்டின் சமவெளிக்கும் மலையடிவாரத்துக்கும் எழுதப்பட்டது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலைகளிலும் வேறு நாடுகளிலும் முளைப்பவை வேறு. அங்கே இந்த அடையாளங்களை மட்டும் நம்பிப் பறிக்கக் கூடாது.

1. முதல் மழைக்காலத்தில் பறியுங்கள், சாப்பிடாதீர்கள்

நம்மூரில் காளானுக்கு இரண்டு பருவம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். மற்ற இடங்களில் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த இரண்டில் உங்கள் ஊருக்கு உரிய ஒரு பருவம் முழுவதையும் பார்ப்பதற்கும் குறித்து வைப்பதற்கும் மட்டும் ஒதுக்குங்கள். ஒரே காளானை மொட்டாக, பாதி விரிந்ததாக, முழுக்க விரிந்ததாக, மழையில் நைந்து அழுகியதாக என எல்லா நிலையிலும் பார்த்த பிறகுதான் அதை அடையாளம் தெரியும் என்று சொல்ல முடியும். நச்சுக் காளானைக் கையால் தொடுவதால் நஞ்சு ஏறாது, விழுங்கினால்தான் ஆபத்து. ஆகவே அஞ்சாமல் எடுத்துப் பார்க்கலாம், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

ஓர் ஆண்டு காத்திருப்பது மிகை என்று தோன்றினால், 2022 ஏப்ரலில் மேல் அசாமில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். காட்டுக் காளான் சாப்பிட்டுச் சில நாள்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காளான் பறித்துச் சமைப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

2. ஒரே ஒரு காளானைக் கற்றுக்கொள்ளுங்கள்

புதியவர் செய்யும் முதல் தவறு, நச்சுக் காளான்களின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு, அந்தப் பட்டியலில் இல்லாததெல்லாம் உண்ணத்தக்கது என்று நினைப்பது. இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். உண்ணத்தக்க ஒன்றை முழுமையாகத் தெரிந்துகொண்டு, அதன் அடையாளங்களில் ஒன்று குறைந்தாலும் அந்தக் காளானை வேண்டாம் என்று ஒதுக்கிவிட வேண்டும்.

என் பரிந்துரை புற்றுக்காளான். டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இது, கறையான்கள் தம் கூட்டுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருவது. இதை எவரும் பண்ணையில் வணிக அளவில் வளர்க்க முடியாததால், மழைக்குப் பின் சந்தையில் கிடைப்பதெல்லாம் பறித்து வந்ததுதான். இதையே நான் சொல்வதற்குக் காரணம் சுவை மட்டுமன்று. இதற்கு மண்ணுக்கு அடியில் ஓர் அடையாளமும் குடைக்கு அடியில் ஓர் அடையாளமும் உண்டு. இரண்டையும் ஒருசேரக் கொண்ட நச்சுக் காளானை நம் பக்கத்துத் தோப்புகளில் நான் கண்டதில்லை.

அரிசிக்காளான் என்று சொல்லும் சின்னஞ்சிறு வெள்ளைக் காளானும் இதே பேரினம்தான், நூற்றுக்கணக்கில் முளைக்கும். ஆனால் அதற்கு நீண்ட வேர் கிடையாது; அதே அளவில் நச்சுள்ள சிறு காளான்கள் பல உண்டு. புதியவர் விரலளவுக்குக் குறைந்த எந்தக் காளானையும் எடுக்க வேண்டாம்.

3. வாங்க வேண்டியவையும் எழுத வேண்டியவையும்

செலவு பெரிதில்லை. ஒரு களைக்கொத்தி, ஒரு சிறு கத்தி, ஓர் ஓலைக்கூடை, ஒரு அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைவில்லை, இரண்டு கண்ணாடித் துண்டுகள், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். எனக்கு எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது. கண்ணாடிக் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சும்மாவே கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதில் காளான் வியர்த்து, வீடு வந்து சேர்வதற்குள் கெடத் தொடங்கிவிடும். நல்ல காளானே கெட்டுப்போய் வயிற்றைக் கெடுப்பதும் உண்டு.

நோட்டில் ஒவ்வொரு காளானுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, கடைசியாக மழை பெய்த நாள், இடம், அருகிலுள்ள மரம், மண்ணிலா மரத்திலா சாணத்திலா வைக்கோலிலா முளைத்தது, குடையின் அகலம், செவுளின் (குடையின் அடியிலுள்ள மடிப்புகளின்) நிறம், தண்டில் வளையம் உண்டா, அடிப்பகுதி எப்படி இருந்தது, வித்துத்தூளின் (செவுளிலிருந்து உதிரும் தூளின்) நிறம், மணம் ஆகியவற்றை அன்றே எழுதிவிட வேண்டும். படம் எடுத்தால் நான்கு எடுங்கள்: மேலிருந்து, குடையின் அடியிலிருந்து, அடிமுதல் முழுக்காளான், நெடுக்காக வெட்டிய பாதி. அளவு தெரிய ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசிச் செயலியில் படத்தைக் காட்டினால் பெயர் வந்துவிடுகிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் ஒரே காளானை மூன்று கோணங்களில் காட்டி மூன்று பெயர்களைப் பெற்றிருக்கிறேன். மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதியையும் வித்துத்தூளின் நிறத்தையும் மேலிருந்து எடுத்த ஒரு படம் காட்டாது. செயலி சொல்லும் பெயரை நோட்டில் குறித்துக்கொள்ளலாம். அதை நம்பி அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது.

4. யாருடைய நிலம் என்று கேளுங்கள்

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். சரணாலயத்திலிருந்தும் தேசியப் பூங்காவிலிருந்தும் எதையும் எடுத்துவருவதற்கு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை அங்கே வாழும் மக்களுக்குத் தருகிறது, உங்களுக்கும் எனக்கும் தரவில்லை. எனவே தோப்பு, வரப்பு, பட்டா நிலம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, உரிமையாளரிடம் வாய்மொழியாகவேனும் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்கும்போதே அந்த நிலத்தில் அண்மையில் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்தார்களா என்றும் கேட்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்திலும் குப்பைமேட்டிலும் முளைத்ததை எடுக்காதீர்கள். காளான் மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சில புற்றுகள் மஞ்சள் பூசி வழிபடப்படுபவை. அவற்றின் பக்கம் களைக்கொத்தியோடு போனால் ஊரில் பேச்சு வரும்.

5. பிடுங்காதீர்கள், தோண்டுங்கள்

என் தோப்புக்குக் களையெடுக்க வரும் ஆச்சி ஒருவர், நான் மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரத்தில், "வேரில்லாத காளானத் தொடாதய்யா" என்று ஒரே வரியில் சொன்னார். அந்த ஒரு வரியின் முழுப்பொருள் எனக்கு விளங்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

புற்றுக்காளானின் தண்டு தரைமட்டத்தில் முடிவதில்லை. அது மெல்ல மெல்லக் குறுகி, வேர்போல நீண்டு, கறையான் கூட்டுக்குள் இருக்கும் தேனடை போன்ற பகுதிவரை போகும். கூடு ஆழத்தில் இருந்தால் ஒரு அடிக்கும் மேல் நீளும். தண்டைப் பிடித்து இழுத்தால் இந்த வேர் அறுந்துபோகும், உங்கள் முதல் சான்றும் அதோடு போய்விடும். ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தியால் மண்ணைத் தளர்த்தி, விரலால் தோண்டி, வேர் குறுகிக் கீழே இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு காளானையாவது இப்படித் தோண்டிப் பார்த்தாக வேண்டும். கூடுவரை தோண்டி உடைத்துவிடாதீர்கள், அதே இடத்தில் அடுத்த ஆண்டும் முளைக்கும். புற்றின் வளைக்குள் கையை விடவே கூடாது. பாம்பு இருக்கக் கூடும்.

இதைச் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயிரைக் கொல்லும் காளான்கள் பலவற்றைக் கொண்ட அமானிட்டா பேரினத்தின் தண்டு, அடியில் கிழிந்த முட்டையோடு போன்ற ஓர் உறைக்குள் நிற்கும். அந்த அடியுறை பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். தரைக்கு மேலே கத்தியால் அறுத்து எடுப்பவர், அந்த எச்சரிக்கையை மண்ணிலேயே விட்டுவிட்டுக் காளானை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

இரண்டு சிக்கல்களைச் சொல்லிவிடுகிறேன். கறையான் கூடு தரைக்கு அடியிலேயே இருக்கலாம் என்பதால், மேலே புற்று தெரியாத இடத்திலும் புற்றுக்காளான் முளைக்கும். அதேபோல், புற்றுக்குப் பக்கத்தில் முளைத்ததெல்லாம் புற்றுக்காளான் ஆகிவிடாது. புற்றோரத்தில் வேறு காளான் வித்தும் விழுந்து முளைக்கலாம். இடம் சான்றாகாது, வேர்தான் சான்று.

6. வித்துத்தூளைப் பதிவு செய்யுங்கள்

குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக இருப்பவை செவுள்கள். அவற்றிலிருந்து உதிரும் நுண்ணிய தூள்தான் காளானின் வித்து. விரிந்த ஒரு குடையின் தண்டை வெட்டிவிட்டு, செவுள் கீழே இருக்குமாறு கண்ணாடித் துண்டின்மேல் கவிழ்த்து, குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கிண்ணத்தால் மூடிவையுங்கள். 6 முதல் 12 மணி நேரத்தில் செவுள்களின் கோலம் அப்படியே தூளாகப் படிந்திருக்கும்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். குழல்விளக்கின் கீழ் இளஞ்சிவப்பும் வெள்ளையாகத் தெரியும். நான் முதல் பருவத்தில் நான்கு பதிவுகளைத் தவறாக எழுதியதற்கு இதுவே காரணம். கண்ணாடியை ஒருமுறை வெள்ளைத் தாளின் மேலும் ஒருமுறை கறுப்புத் தாளின் மேலும் வைத்துப் பாருங்கள். படிவு மெல்லியதாக இருந்தால், சவரக்கத்தியால் தூளை ஒரு சிறு குவியலாகச் சுரண்டிச் சேர்த்துப் பாருங்கள், நிறம் தெளிவாகும்.

புற்றுக்காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். தூய வெள்ளையாக வந்தால் அமானிட்டாவாக இருக்கலாம், தூக்கி எறியுங்கள். பச்சையாக வந்தால் அது என்னை மருத்துவமனைக்கு அனுப்பிய காளான். பழுப்பு, துருநிறம், கறுப்பு எல்லாம் புதியவருக்கு வேண்டாதவை. இளஞ்சிவப்பு வந்துவிட்டதென்றால் போதுமா என்றால், போதாது. என்டோலோமா என்ற பேரினத்துக்கும் இளஞ்சிவப்புத் தூள்தான், அதில் நச்சு வகைகள் உண்டு. அதன் செவுள்கள் தண்டோடு ஒட்டியிருக்கும், புற்றுக்காளானின் செவுள்கள் தண்டைத் தொடாமல் விலகி நிற்கும். வேரும் செவுளும் தூளும் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

அதற்குள் காளான் கெட்டுவிடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காலை 7 மணிக்குப் பறித்து 8 மணிக்குப் பதிவுக்கு வைத்தால் பிற்பகலுக்குள் நிறம் தெரிந்துவிடும். மற்றவற்றைத் தாளில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து இரவுச் சமையலுக்கு எடுக்கலாம். அதுவரை பொறுக்க முடியாதவர் கடையில் சிப்பிக்காளான் வாங்கிக்கொள்வதே நல்லது.

7. ஏமாற்றும் காளான்களைத் தனியாகப் படியுங்கள்

முதலாவது பச்சைச் செவுள் காளான். அறிவியல் பெயர் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். புல்தரை, தோப்பு, எருக்குழி ஓரம், பள்ளி மைதானம் என்று மனிதர் நடமாடும் இடங்களில் முளைத்து, பெரிதாக, வெள்ளையாக, பார்க்கவே பசியைத் தூண்டும். குடையின் நடுவில் பழுப்புநிறச் செதில்கள் இருக்கும். தண்டில் ஒரு வளையம் இருக்கும், முற்றியபின் அதை மேலும் கீழும் நகர்த்தலாம். அடியில் சற்றே பருத்திருக்கும், வேர் இருக்காது. இதன் சூழ்ச்சி செவுளில் இருக்கிறது: இளமையில் வெள்ளையாகவே இருந்து, முற்றிய பிறகே சாம்பல் கலந்த பச்சையாக மாறும். நான் பறித்தவை எல்லாம் நேற்று முளைத்த இளங்காளான்கள். பச்சை என்பதன் சாயலே அவற்றில் இல்லை. சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள் என்றாலும் குழந்தைகளுக்கு நீரிழப்பு ஆபத்தாகும்.

இரண்டாவது மொட்டு. மொட்டுதான் சுவை என்று பறிப்பவர் எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையுங்கூட. ஆனால் விரியாத மொட்டு தூள் உதிர்க்காது, செவுளின் நிறத்தையும் காட்டாது. அமானிட்டாவின் மொட்டு கோழிமுட்டை போலவே இருந்து பந்துக்காளானை ஒத்திருக்கும். அதை உச்சி முதல் அடி வரை நெடுக்காகப் பிளந்தால், உள்ளே குடையும் தண்டும் கோட்டோவியம் போலத் தெரியும். தின்னத்தக்க பந்துக்காளானாக இருந்தால் உள்ளே ஒரே சீராக வெள்ளையாக இருக்கும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு மொட்டை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வைக்கோல் காளான். இது உண்ணத்தக்கது, பலரும் வைக்கோல் போரிலிருந்து எடுத்துச் சமைப்பது. ஆனால் இதற்கும் அமானிட்டாவைப் போலவே அடியுறை உண்டு. வைக்கோல் காளானுக்கு வளையம் கிடையாது, தூள் இளஞ்சிவப்பு. அமானிட்டாவுக்குத் தூள் வெள்ளை, பெரும்பாலும் வளையம் உண்டு. பெரும்பாலும் என்று சொல்வதைக் கவனியுங்கள்: மழையில் வளையம் உதிர்ந்துவிடும். தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து மேலைநாடுகளுக்குக் குடியேறியோர், ஊரில் பறித்த வைக்கோல் காளான் என்று நம்பி அங்கே மரணத்தொப்பி எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டிஸைச் சமைத்து இறந்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர் ஊர்க் காளானின் நினைவை நம்பி எதையும் பறிக்க வேண்டாம்.

8. பாட்டி சோதனைகளைக் கைவிடுங்கள்

வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, கொதிக்கும்போது அரிசி சிவந்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது, ஆடு தின்றால் நல்லது, பளிச்சென்ற நிறம் இருந்தால் மட்டுமே கெட்டது என்பவற்றுள் ஒன்றும் உண்மையில்லை. மரணத்தொப்பியை நத்தைகள் தின்னும். அது வெளிர்நிறத்தில், நல்ல மணத்தோடு, சுவையாகவும் இருக்கும் என்று தின்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். புளி, மஞ்சள் போட்டு வேகவைத்தால் நஞ்சு முறிந்துவிடும் என்பதுதான் இவற்றில் மிகவும் ஆபத்தான நம்பிக்கை. அமானிட்டாவிலுள்ள அமாடாக்சின் கொதிக்கவைத்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அழிவதில்லை.

9. முதல் சமையல்

எல்லா அடையாளமும் ஒத்துவந்த பிறகும், முதல்முறை வீட்டில் ஒருவர் மட்டும், இரண்டு மூன்று கரண்டி அளவில் சாப்பிட்டு ஒரு நாள் பொறுத்திருங்கள். இது ஒவ்வாமையைக் கண்டறிவதற்கு மட்டுமே. அடையாளம் பிழையென்றால் குறைந்த அளவு காப்பாற்றாது, ஏனெனில் மரணத்தொப்பியில் ஒன்றே ஆளைக் கொல்லப் போதும். பச்சையாகத் தின்னாமல் நன்றாக வேகவையுங்கள். அன்றைக்கு மதுவைத் தொடாதீர்கள். மைக்காளான் போன்ற சில, மதுவோடு சேர்ந்தால் மட்டும் நஞ்சாகும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விருந்தினருக்கும் பரிமாற வேண்டாம். சமைக்காத முழுக்காளான் ஒன்றைத் தாளில் சுற்றித் தேதி எழுதி, குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்திருங்கள். நான் செய்யத் தவறியது இதுதான்.

10. உடம்புக்கு ஆகாமல் போனால்

நேரத்தைக் கணக்கிடுங்கள். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கும் வாந்தி பெரும்பாலும் குடலோடு முடிவது. 6 மணி நேரத்துக்குப் பிறகு, அதாவது இரவு சாப்பிட்டு மறுநாள் காலையில் தொடங்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் அமாடாக்சினின் வழக்கமான அடையாளம். பல வகைகளைக் கலந்து சமைத்திருந்தால் இந்தக் கணக்கும் பொய்க்கும். எந்த நேரத்தில் தொடங்கினாலும் 108ஐ அழையுங்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமில்லாமல் 1800 116 117 என்ற எண்ணில் மருத்துவரும் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: சமைக்காமல் எடுத்து வைத்த காளான், மிஞ்சிய குழம்பு, நோட்டு, படங்கள். சாப்பிட்ட நேரம், முதல் வாந்தி வந்த நேரம், யார் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த வேளையில் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் உடம்பு நன்றாக இருந்தாலும் கூடவே போக வேண்டும்.

இரண்டாம் நாள் வாந்தி நின்று, பசி எடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும். அமாடாக்சின் நஞ்சில் இந்தத் தெளிவு பொய்யானது. அந்த நேரத்தில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மஞ்சள் காமாலையும் இரத்தப்போக்கும் வெளிப்படும். ஆகவே ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிய எந்த நோயாளியும், என்ன காளான் என்று தெரியாத எந்த நோயாளியும், கல்லீரல் நொதிகளுக்கும் இரத்தம் உறையும் நேரத்துக்குமான சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்துகொள்ளாமல் வீடு திரும்பக் கூடாது. மருத்துவமனை தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். கல்லீரல் மாற்று அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தால் எங்கே அனுப்புவீர்கள் என்பதையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.